உப்பளத்தின் மேல் ஒரு பச்சை வட்டம்

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்த நேரத்தில் எங்கள் கிளைடர் கிளப்பின் பயிற்றுநரான கேப்டன் எங்கள் எல்லோரையும் எழுப்பி வெயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சித்திரை மாதம். கொட்டகைக்கு வெளியே கிளைடரை மேற்குப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார். அதற்கு அப்பால் மரக்காணம் உப்பளம், கண் கூசும் வெள்ளையில் விரிந்து கிடந்தது. புதிதாக வந்திருந்த பெரிய திரையை விமானியின் முன்னால் இருக்கும் கருவிப் பலகையில் பொருத்தியிருந்தார். "ஒவ்வொருத்தரா உள்ள உக்காந்து, அதுல இருக்கிற உயரத்தப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். முதலில் உட்கார்ந்தவர் எங்கள் கிளப்பின் தலைவர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நல்ல கண்ணாடி, என் கடையில் வாங்கியதுதான். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆஃப்ல இருக்குதும்மா" என்றார்.

"ஆன்லதான் சார் இருக்குது" என்றார் கேப்டன்.

பாண்டிச்சேரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு அதன் காரணம் தெரியும். தண்ணீரிலும் உப்பிலும் பட்டுத் தெறிக்கும், கண் கூசும் ஒளியை வடிகட்டும் கண்ணாடி, சில வகைத் திரைகளின் வெளிச்சத்தையும் சேர்த்தே வடிகட்டிவிடும். திரை எரிந்துகொண்டிருக்கும், போட்டிருப்பவருக்கு இருட்டாகத் தெரியும். நான் அதைச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்பத் தெரியுது இல்ல, அப்புறம் என்ன?" என்றார். "கழட்டிட்டு உப்பளத்துக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார் கேப்டன். குரல் உயர்ந்துதான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இலைக்குத் திரும்பும்போது தலைவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நல்ல திறமைசாலிதான், ஆனா பயங்கர கோபக்காரங்கப்பா" என்றார். அந்த வார்த்தை அன்று ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. பின்னால் அது என்னவெல்லாம் செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்று பல முறை முயன்று பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் கிளப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். தரையில் இருக்கும் ஒரு பொறி நீளமான கயிற்றால் அதை வேகமாக இழுக்கும். காற்றாடி எழும்புவதுபோல மேலே எழும்பியதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, சூடான காற்று எங்கே மேலே எழுகிறதோ அதைத் தேடிச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவே இறுகிப்போன ஒரு நீளத் திடல்தான் எங்கள் ஓடுபாதை. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் ஆரோவில் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். நான் நாற்பது வயதுக்குமேல், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, வீட்டில் எல்லோரும் பைத்தியம் என்று சொன்ன பிறகும் போய்ச் சேர்ந்தவன்.

கேப்டன் என்னைவிட வயதில் சிறிய பெண். இந்தக் கடற்கரையில் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்தவர். அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கல்லூரியில் படிக்கும்போதே கிளைடர் ஓட்டக் கற்று, வடக்கே பல ஊர்களில் பயிற்சி கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்தவரைத் தலைமைப் பயிற்றுநராக எங்கள் கிளப் கேட்டு வாங்கிக்கொண்டது. உயரம் குறைவு. இருக்கையில் இரண்டு மெத்தை போட்டுத்தான் உட்காருவார். பேசினால் கொட்டகையின் கடைசி மூலை வரை கேட்கும். கிளைடரின் கண்ணாடி மேல்மூடியின் கொக்கியைச் சரியாக மாட்டாதவரை, அவர் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரியாக இருந்தாலும், எல்லோர் முன்னாலும் திட்டுவார். திட்டி முடித்ததும் மறந்துவிடுவார். மறுபடியும் அதே ஆள் கொக்கியை மறந்தால் மறுபடியும் திட்டுவார். ஒரு தடவைகூட அவர் தனக்காகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பழைய கருவிகளை மாற்றுவது என்று பொதுக்குழுவில் முடிவானபோது, கேப்டனையும் என்னையும் தேர்வுசெய்யச் சொன்னார்கள். அந்தச் சித்திரைக்கு முன்னால் சில மாதங்கள் நாங்கள் அதே வேலையாக அலைந்தோம். கிளைடரில் உயிர்நாடியான கருவி ஒன்று உண்டு. காற்று நம்மைத் தூக்குகிறதா, கீழே அழுத்துகிறதா என்று காட்டுவது. கேப்டனுக்கு அது ஒலியாக வேண்டும். ஏறும்போது துடிதுடிக்கிற சத்தம், இறங்கும்போது இழுத்து முனகுகிற சத்தம். "கண்ணு வெளிய இருக்கணும்ணே. வேற கிளைடர் வருதா, பருந்து சுத்துதா, மேகம் எங்க கட்டுதுன்னு பாக்கணும். உள்ள காது மட்டும் இருந்தா போதும்" என்பார். கடைகளும் ஆர்வலர்களும் அனுப்பிய கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இரண்டு பேர் உட்காரும் கிளைடரில் மேலே போவோம். அவர் முன்னால், நான் பின்னால். காற்றே இல்லாத காலை நேரத்தில் வேகத்தைக் கூட்டி, திடீரென்று பிடியைப் பின்னால் இழுப்பார். மூக்கு நிமிரும். நல்ல கருவி அதைக் காற்றின் வேலை இல்லை என்று கண்டுகொண்டு சும்மா இருக்கும். மட்டமான கருவி ஏதோ பெரிய ஏற்றம் கிடைத்ததுபோலக் கத்தித் தீர்க்கும். "பொய் சொல்லுது பாருங்க. எறக்குங்க இத" என்பார்.

வழிகாட்டும் மென்பொருளில் அவர் இன்னும் கறாராக இருந்தார். இருக்கும் உயரத்திலிருந்து எந்த ஓடுபாதைக்குப் போய்ச் சேரலாம், சேர முடியாவிட்டால் பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். இறங்கலாம் என்றால் பச்சை வட்டம், முடியாது என்றால் சிவப்பு. கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடம் இறங்கத் தகுந்தது என்ற விவரத்தை யாரோ எங்கிருந்தோ வலையில் ஏற்றி வைத்திருப்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் மரக்காணம் உப்பளம் எப்படித் தெரியும்? பரந்த, மரமில்லாத, சமமான வெள்ளைத் தரை. அதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா என்று தோன்றும். பாத்திக்குப் பாத்தி இறுகிய வரப்பு இருப்பதும், உப்புநீருக்கு அடியில் சேறு இருப்பதும் படத்தில் தெரியாது. ஆகவே கேப்டன் இணையத்தின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் வண்டியில் ஊர் ஊராகப் போய், அறுவடையான வயல்களையும் ஏரிக்கரைத் திடல்களையும் காலால் நடந்து பார்த்து, எங்களுக்கென்று தனி வரைபடம் செய்தார். உப்பளத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. வெயிலிலும் தெரியும் ஒரு சின்ன கறுப்பு வெள்ளைத் திரை, சத்தம் போடும் நல்ல கருவி, இந்த வரைபடம். இவ்வளவுதான் எங்கள் தேர்வு. எழுதிக் கொடுத்தோம்.

தலைவர் கடற்கரைச் சாலையில் தங்கும் விடுதி நடத்துபவர். விருந்தினர்களை வார இறுதியில் கிளைடரில் ஏற்றிக் காட்டுவது கிளப்புக்கும் நல்லது, விடுதிக்கும் நல்லது என்பது அவர் எண்ணம். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது பெரிய வண்ணத்திரை. பறந்த பாதை நகர்ந்து நகர்ந்து தெரிய வேண்டும், இறங்கியதும் விருந்தினரின் கைப்பேசிக்குப் படமாகப் போக வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப்பட்ட திரைகளை மென்பொருளோடு அன்பளிப்பாகத் தர முன்வந்தார். அந்த மென்பொருளில் எங்கள் வரைபடத்தை ஏற்ற முடியாது. அதன் சொந்தப் பட்டியல்தான். இதைச் சோதித்துக் காட்டத்தான் கேப்டன் அன்று எங்களை வெயிலில் உட்கார வைத்தது. திரை தெரியவில்லை என்று காட்டினார். மூடிய மேல்மூடிக்குள் சூடேறி அது தானாக அணைந்துபோவதைக் காட்டினார். பிறகு குழுக் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்து, உப்பளத்தின் நடுவில் பச்சை வட்டம் ஒன்று சிரித்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். "இங்க எறங்கச் சொல்லுது சார். பாருங்க. இங்க எறங்கினா செத்துருவான் சார்" என்றார். மேசையைக் கையால் அடித்தார். ஆமாம், அடித்தார். குழுவில் ஒருவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மெதுவாச் சொன்னாலும் புரியும்" என்றார் தலைவர்.

மெதுவாகவும் சொல்லியிருந்தார். எழுத்திலும் சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். கைதூக்கச் சொன்னபோது எங்கள் பக்கம் இரண்டு கைகள். அந்தத் திரை பொருத்திய கிளைடர் பறக்கத் தகுதி என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று கேப்டன் சொன்னார். அடுத்த கூட்டத்தில், "குழுவோடு இணைந்து பணியாற்றும் மனநிலை வேண்டும்" என்ற ஒரு வரியோடு தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு தலைவரின் நண்பருக்குப் போனது. திரைக்கு ரிப்பன் கட்டித் திறப்பு விழா நடத்தினார்கள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் சாதாரண உறுப்பினராக வந்து, கயிறு இழுக்கும் பொறியின் பக்கத்தில், தன் சொந்தக் கை ரேடியோவோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "ஏன் கேப்டன் வர்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "யாராவது ஒருத்தர் மேல பாத்துக்கிட்டு இருக்கணும் இல்லண்ணே" என்றார்.

அடுத்த பங்குனியில் அது நடந்தது. எங்களில் ஒரு பொறியாளர், சென்னையில் கணினிக் கம்பெனியில் வேலை, சின்ன மகள் ஒருத்தி, நல்ல கையுள்ளவர், தனியாக ஏறினார். எங்கள் பகுதியில் மத்தியானத்துக்குமேல் கடல்காற்று உள்ளே வரும். அது வந்த இடத்தில் காற்று குளிர்ந்து ஏற்றம் செத்துப்போகும். அதன் முன்விளிம்பில் மட்டும் நல்ல ஏற்றம் இருக்கும். பொறியாளர் அந்த விளிம்போடு மேற்கே வெகுதூரம் போய்விட்டார். திரும்பி வர வேண்டுமானால் அதே கடல்காற்றை எதிர்த்து, உப்பளத்தைக் கடந்துதான் வர வேண்டும். கேப்டன் வைத்திருந்த விதி எளிமையானது: உப்பளத்தின் மேற்கு ஓரத்துக்கு வரும்போது தாராளமான உயரம் கையில் இல்லையென்றால் கடக்கக் கூடாது, இந்தப் பக்கமே வயலில் இறங்கிவிட வேண்டும். கதிர் அறுத்த வயல்கள் அங்கே எவ்வளவோ கிடந்தன. ஆனால் திரை காலையில் இருந்த காற்றை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டு, ஓடுபாதைக்கு வந்துவிடலாம் என்று பச்சை காட்டியது.

கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதைப் பார்த்துத்தான் நான் மேற்கே பார்த்தேன். கிளைடர் மிகத் தாழ்வாக, வயல்களுக்கு மேலேயே இன்னும் இருந்தது. அவர் ரேடியோவில் கத்தினார். "தம்பி, வராத! மேற்க திரும்பு! வயல்ல எறக்கு! கேக்குதா? வயல்ல எறக்குடா!" பதில், "வந்துருவேன் மேடம், பச்சைலதான் இருக்குது" என்று வந்தது. மறுபடியும் கத்தினார். பதில் வரவில்லை. உப்பளத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் திரைக்கு எதிர்காற்று புரிந்து, ஓடுபாதை சிவப்பாக மாறியிருக்கிறது. அதே நொடியில் பக்கத்திலேயே இறங்க ஒரு பச்சை வட்டத்தை அது எடுத்துக் கொடுத்தது. பொறியாளர் அதை நோக்கி இறங்கினார். சக்கரம் முதல் வரப்பில் அடித்து எகிறியது. மூக்கு அடுத்த வரப்பில் குத்தியது. சத்தம் எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சூழ்ந்து நின்றிருந்தார்கள். தூக்கப்போனவர்களை கேப்டன் தூரத்திலிருந்தே, "தொடாதீங்க, முதுக அசைக்காதீங்க" என்று கத்தி நிறுத்தினார். பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, உப்புநீரில் மண்டியிட்டு, கழுத்தைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வெளியே எடுக்கச் செய்தார். அந்தப் பெண்களில் ஒருவர் வரப்பைக் காட்டி, "ஏம்மா, மேல இருந்து பாத்தா இது தெரியாதா? இவ்ளோ பெருசா இருக்குதே" என்றார். "தெரியாதுக்கா. இந்த வெயில்ல மேல இருந்து நெழலே தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் இருக்கும்" என்றார் கேப்டன். அப்போது அவர் குரலில் கோபம் இல்லை. பொறியாளரின் கழுத்தைப் பிடித்திருந்த கையை அவர் எடுக்கவேயில்லை.

பொறியாளர் உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மருத்துவமனையில் அவர் பேசக்கூடிய நிலைக்கு வந்தபின் ஒரு நாள் நான் தனியாகப் பார்க்கப் போயிருந்தேன். அவர் கேட்காமலேயே சொன்னார். "அவங்க கத்தினது நல்லாக் கேட்டுச்சுண்ணே. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. எப்பவும் கத்துறவங்கதானேன்னு நெனச்சுட்டேன்."

வெளியே வந்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வெகுநேரம் நின்றேன். எனக்குப் பொறியாளர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது யார்? ஓராண்டாக டீ குடிக்கும்போதும், கூட்டத்திலும், விருந்தினர்களிடமும், "அவங்க அப்படித்தான், கோபக்காரங்க, கண்டுக்காதீங்க" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அவர்கள். ஒரு மனுஷி எதைச் சொல்கிறாள் என்பதைக் கேட்க விருப்பமில்லாதபோது, எப்படிச் சொல்கிறாள் என்பதைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு சுலபம். அந்தச் சுலபமான வேலை ஓர் ஆளின் கால்களைப் பிடுங்கிவிட்டது.

கிளப் நடத்திய விசாரணையில் நானும் சாட்சி சொன்னேன். நாங்கள் கொடுத்த தேர்வையும், மேசைமேல் காட்டிய பச்சை வட்டத்தையும் சொன்னேன். முடிவில் அவர்கள் எழுதியது: "வெளியிடத்தில் இறங்குவது குறித்த அடிப்படைப் பயிற்சி போதிய அளவில் தரப்படவில்லை." அடிப்படைப் பயிற்சி தந்தவர் கேப்டன். அவ்வளவுதான். பழி எவ்வளவு அழகாக, எவ்வளவு மரியாதையான வார்த்தைகளில் வந்து இறங்கியது பாருங்கள். நான் அந்தக் கூட்டத்தில் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே வந்தேன். கேப்டன் சத்தமே போடவில்லை. தன் ரேடியோவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று சொல்லி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதன்பின் அவர் திடலுக்கு வரவில்லை. பொறியாளரின் வீட்டுக்கு மட்டும், அவர்கள் பாண்டிச்சேரிக்குக் குடிவந்த பிறகு, வாரம் தவறாமல் போனார். அவருடைய மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது கேப்டன்தான் என்று பின்னால் தெரிந்தது.

விபத்துக்குப் பிறகு வண்ணத்திரைகள் சத்தமில்லாமல் கழற்றப்பட்டன. சத்தம் போடும் கருவி வந்தது. வெயிலில் தெரியும் சின்னத் திரை வந்தது. அதில் கேப்டனின் வரைபடம், அவர் பெயரில்லாமல் ஏறியது. இப்போது வேறு கிளப்புகளிலிருந்து வருகிறவர்களிடம் தலைவர் எங்கள் கருவிப் பலகையைக் காட்டி, "நல்லா யோசிச்சு செலக்ட் பண்ணோம்" என்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் கண்ணில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை. தான் சொல்வதை அவர் நம்புகிறார் என்றே நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் புற்றுநோய் கேப்டனைக் கொண்டுபோனது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. பங்குக் கோயில் கல்லறையில் அடக்கம் நடந்த அன்று கிளப்பிலிருந்து பெரிய மலர் வளையம் வந்தது. சில மாதங்கள் கழித்து, பயிற்சி அறைக்கு அவர் பெயரை வைத்து நினைவுக் கூட்டம் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அவருடைய அம்மாவை அழைத்து வரும் வேலை எனக்கு. பொறியாளரை யாரும் அழைக்கவில்லை. நான் அழைத்தேன். மனைவியோடும் சக்கர நாற்காலியோடும் வந்தார். அவரைப் பார்த்ததும் முன்வரிசையில் சிலர் கைப்பேசியைத் துழாவ ஆரம்பித்தார்கள்.

தலைவர் பேசினார். குரல் தழுதழுத்தது, பொய்யாகத் தழுதழுத்தது என்றும் சொல்ல மாட்டேன். "எங்க கேப்டனுக்குக் கோபம் மூக்குமேல வரும். ஆனா மனசு தங்கம்" என்றார். கூட்டம் பிரியத்தோடு சிரித்தது. செத்தவரைப் பற்றிப் பேசும்போது சிரிக்கும் அந்த ஈரமான சிரிப்பு. அடுத்து வந்தவரும் கோபத்தைப் பற்றித்தான் பேசினார். அதற்கடுத்தவர் மேல்மூடிக் கொக்கிக்குத் தான் வாங்கிய திட்டை நடித்தே காட்டினார். நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் பொறியாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"அந்தக் கோபத்துல கொஞ்சம் உங்களுக்கும் இருந்திருந்தா, நான் இன்னைக்கு நடந்து வந்திருப்பேன் சார்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, இப்ப அம்மா பலகையத் திறந்து வைப்பாங்க" என்றார். சுவரில் மஞ்சள் துணி போர்த்திய பலகை. அம்மாவை நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் இழுக்கவில்லை.

"இன்னா எழுதியிருக்குது?" என்று தலைவரிடம் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கோம்மா. 'அன்பும் கோபமும் நிறைந்த எங்கள் கேப்டன் நினைவாக'ன்னு."

அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பாடம் கேட்ட மாதிரியே கேட்டார். "கோபம்னு போட்டிருக்கீங்க. எதுக்குக் கோபப்பட்டாள்னு போட்டிருக்கீங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்ற பார்வை. நான் சமாளிக்கவில்லை. "இல்லம்மா, போடல" என்றேன்.

அம்மா கயிற்றை விட்டுவிட்டார். அது சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. "அதையும் எழுதிட்டுக் கூப்பிடுங்க. வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மேசைமேல் வைத்திருந்த மகளின் படத்தை மாலையோடு எடுத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார். பொறியாளரின் நாற்காலியை அவர் மனைவி திருப்பினார். நானும் போனேன்.

இதுவரை யாரும் கூப்பிடவில்லை.